சாம்பாரில் எழுத்துப் பிழை

“பேரைச் சொல்லு. இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள பெட்டியைக் கட்டு!”

வார்டன் நாணு சார் மேசைமேல் தட்டிய தட்டில் மைக்கூடு ஒரு குதி குதித்தது. எதிரே நின்ற சேசுராஜ் அசையவில்லை. ஆனால் பி.ஏ. கடைசிப் பரீட்சைக்கு நாற்பது நாள்தான் இருக்கிறது. இந்த மாட்டுங்கா விடுதியை விட்டால் தாராவியில் ஒற்றை அறை, அதில் ஏழு பேர். அங்கே போய் உட்கார்ந்து படித்துப் பாஸ் பண்ணுவதாவது!

எல்லாம் ‘நாலு பக்கம்’ செய்த வேலை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் தாங்களே எழுதி, தாங்களே சைக்ளோஸ்டைல் எடுத்து, வாரா வாரம் விடுதியிலிருந்து வெளியிடும் பத்திரிகை அது. ஒன்பது வருடம் முன்பு, 1957-ல் தொடங்கிய நாள் முதலாக அதற்கு இரண்டே சட்டம். கடிதம் எழுதியவர் பேரை யாரிடமும் சொல்லக் கூடாது. கடிதத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. ஒன்பது ஆசிரியர்கள் வந்து போனார்கள், ஒருவரும் மீறவில்லை. பத்தாவது ஆள் சேசுராஜ். போயும் போயும் அவன் தலையிலா விடிய வேண்டும்!

இந்த வாரம் வந்த கடிதம் இதுதான்: ‘விடுதிச் சாம்பாரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். எண்பது பேருக்கு ஒன்றரைக் கிலோ பறுப்பு போட்டால் வேறு எப்படி இருக்கும்? மீதி எங்கே போகிறது என்று ஸ்டோர் சாவியை வைத்திருக்கும் வார்டன்தான் சொல்ல வேண்டும்.’

“கடிதம் பெட்டியில கிடந்தது சார். பேர் போடலை. போட்டிருந்தாலும் சொல்ல மாட்டேன்” என்றான் சேசுராஜ்.

“திமிரைப் பார்த்தீரா, பிரம்மநாயகம்?”

சமையல்காரர் பிரம்மநாயகம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கையில் கரண்டி. முந்தைய சமையல்காரர் வார்டனை எதிர்த்துப் பேசி அன்றைக்கே வேலை போனதிலிருந்து, இவர் வாயைத் திறந்தால் ‘சரி சார்’ மட்டும்தான் வரும். இன்றைக்கோ மனிதருக்கு வார்டனைவிட ஆத்திரம்.

“பதினோரு வருசமா ஆக்கிப் போடுதேன் சார். என் சாம்பாரைத் தண்ணின்னு அச்சடிச்சுட்டானுவளே! எவன்னு மட்டும் சொல்லுங்க தம்பி, இந்தக் கரண்டியாலயே கவனிச்சுக்கிடுதேன்.”

“அது இருக்கட்டும். ஒன்றரைக் கிலோன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று உறுமினார் வார்டன்.

“அப்போ ஒன்றரைக் கிலோதானா சார்?”

கேட்ட பிறகுதான் சேசுராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான். வார்டன் முகம் சிவந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்தார்.

“நீ சொல்லவே வேண்டாம்டா. பருப்புங்கற வார்த்தையைக்கூட அவனுக்கு ஒழுங்கா எழுதத் தெரியலை. அதுலதான் மாட்டிக்கிட்டான். எல்லாரையும் சாப்பாட்டு ஹாலுக்கு வரச் சொல்லு. ‘பருப்பு’ன்னு எழுதட்டும். எவன் தப்பா எழுதறானோ, அவன்தான் ஆள்!”

பலே யோசனைதான். ஆனால் பம்பாயில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் தமிழை நம்பியா இப்படி ஒரு யோசனை பண்ணுவது?

மூன்று மணிக்கு எண்பது பேரும் தட்டுக்குப் பதில் காகிதத்தோடு பந்தியில் உட்கார்ந்தார்கள்.

“க்யா சார், இந்தியில எழுதலாமா?” என்றான் செம்பூர் கிட்டு.

“தமிழ்ல எழுதுடா, மண்டு!”

பிரம்மநாயகம் பரிமாறுகிற மாதிரியே வரிசையாக நடந்து காகிதங்களை வாங்கினார். ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்து வார்டனிடம் கொடுத்தார்.

புரட்டப் புரட்ட வார்டனுக்கு வேர்த்தது. சரியாக எழுதியவர்கள் இருபத்திரண்டு பேர். ‘பர்ப்பு’ என்று நாலு பேர். கிட்டுவோடு சேர்த்து மூன்று பேர் எழுதியது எந்த மொழி என்றே தெரியவில்லை. மீதி ஐம்பத்தோரு பேரும் சொல்லி வைத்தாற்போல ‘பறுப்பு’!

ஐம்பத்தோரு பேரை வெளியே அனுப்பிவிட்டு யாரை வைத்து விடுதி நடத்துவது? வார்டன் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

பிரம்மநாயகம் விடவில்லை. “சும்மா விடக் கூடாது சார்! நாளையிலருந்து நாலு கிலோ கொடுங்க. எல்லாப் பயலும் பார்க்க நிறுத்துத்தான் உலையில போடுவேன். எழுதினவன் தொண்டையில கெட்டியா இறங்கட்டும். அப்புறம் என்னத்த எழுதுதான்னு பார்ப்போம்!”

ஹால் முழுக்க வார்டனின் வாயையே பார்த்தது. அத்தனை பேர் முன்னால் முடியாது என்று எப்படிச் சொல்வது?

“சரி, நாலு கிலோ” என்று முனகினார். சேசுராஜ் பக்கம் திரும்பி, “போ, போய்ப் படி” என்று கையை உதறினார்.

சேசுராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாடிப்படியில் கால் வைத்தவன் தோளைப் பின்னாலிருந்து யாரோ தொட்டார்கள். பார்த்தால் பிரம்மநாயகம். கரண்டி இன்னும் கையில்தான் இருந்தது.

“அண்ணாச்சி, சத்தியமா அது யாருன்னு எனக்குத் தெரியாது.”

“அது கிடக்கட்டும் தம்பி.” அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். “பயலுவ எழுதினதை நானும் பார்த்தேன். முக்காவாசிப் பேரு சரியாத்தானே எழுதியிருந்தானுவ? அவரு எதுக்குத் தப்புங்காரு?”

சேசுராஜ் அவர் முகத்தையே பார்த்தான்.

பிரம்மநாயகம் இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை உருவி அவன் சட்டைப் பையில் செருகினார். “அடுத்த வாரத்துக்கு மோரைப் பத்தி எழுதியிருக்கேன். நீங்கதான் ஒரு எழுத்தையும் மாத்த மாட்டியளே, மோருக்கு எந்த ‘ரு’ன்னு இப்பவே சொல்லிக் கொடுத்திருங்க!”