நேர்முகத் தேர்வில் ஓர் இருமல்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

முதியோர் இல்லத்தில் இரவு வேலையை முடித்துவிட்டு, நேரே வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில் நேர்முகத் தேர்வுக்கு வந்தாள் நெரிஸ். பட்டதாரிகளுக்கான இரண்டாண்டு நர்சிங் படிப்பு. இந்த முறையும் கிடைக்காவிட்டால் இனி மனுப் போடுவதில்லை என்றிருந்தாள். எதிரே பேராசிரியை பிரைஸ், பக்கத்தில் நோயாளிகள் சார்பில் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர்.

"வரலாறு படிச்சிருக்கே. எதுக்கும்மா நர்சிங்?" என்றார் பேராசிரியை.

பதிலுக்குக் குறட்டை வந்தது.

"சரியாப் போச்சு! அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்" என்றார் பேராசிரியை.

கிழவர் இருமினார். நெரிஸ் கண்ணைத் திறக்காமலே எழுந்து வந்து, அவரை நிமிர்த்தி, முதுகைத் தடவி, தண்ணீர் புகட்டினாள். "ஒண்ணுமில்ல தாத்தா, நான் இருக்கேன்ல" என்று முனகிவிட்டுத் திரும்பிப் போய்த் தூங்கினாள்.

"இடம் குடுத்தாச்சு. எழுப்பிடாதீங்க" என்று கிசுகிசுத்தார் பேராசிரியை.

அந்தக் கிழவன் நான்தான். எனக்கு இருமலே கிடையாது.