சாட்சிக்கு ஒரு வீடியோ

யேசுராஜ் வீட்டு வாசலில் கல் கூட்டி, பிரியாணி அண்டாவை ஏற்றியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பென்னலூர்க்காரர்கள் ஒவ்வொருவரும் அந்தப் பக்கம் ஒருமுறை மூக்கை நீட்டிவிட்டுத்தான் போனார்கள்.

நம்பிராஜன் நேராக வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே, ஆவியில், ஒரு கார் ஹெட்லைட் வெந்துகொண்டிருந்தது.

"என்னப்பா கூத்து இது?"

"பசை எளகறதுக்கு சார். கண்ணாடியைப் பிரிக்கணும். மழை பேஞ்சா உள்ள தண்ணி எறங்கிடுது. அத்தத் தொடச்சிட்டு, அப்டியே ஒரு எல்.இ.டி. வளையமும் வச்சுடலாம்னு..."

யேசுராஜ் கால் டாக்ஸி ஓட்டுகிறவன். நம்பிராஜனோ ஒரகடத்தில் அதே ஹெட்லைட்டைச் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே அவனுக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு. இன்று மட்டும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

காரணம் இருந்தது. ஒரு மாதமாக லைட்டுக்குள் தண்ணீர் என்று கம்பெனிக்குப் புகார் மேல் புகார். தப்பு அவன் பார்த்துக்கொள்கிற அசெம்ப்ளி லைனில்தான் என்று ஆனால் அவன் வேலை போய்விடும். "வீட்டுல வச்சுப் பிரிச்சு நோண்டுற பயலுவளால வர்றது சார்" என்று மேனேஜரிடம் அடித்துச் சொல்லியிருந்தான். நாளைக் காலைக் கூட்டத்தில் அதை நிரூபித்தாக வேண்டும். இதுவரை கையில் ஒரு துரும்புகூட இல்லை.

சட்டென்று செல்போனை எடுத்து வீடியோவைத் தட்டினான்.

"இந்த லைட்டை யார் பிரிக்கிறதுன்னு நீயே சத்தமாச் சொல்லு."

"நான்தான் சார். ஷோரூம்ல எடுத்த வண்டி. இன்னிக்குத்தான் மொத தபா கை வைக்கிறேன்."

இப்படியும் ஒரு மடையனா என்று நம்பிராஜனுக்கே பாவமாக இருந்தது. தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான்!

யேசுராஜின் மனைவி சகாயமேரி டீயோடு வந்தாள். "இன்னா சார், சட்டைப் பாக்கெட்ல பச்சையா கொட்டிக்கினு கீது?"

"கொட்டலம்மா, சீல் மை." பாக்கெட்டிலிருந்து குட்டி ரப்பர் சீல் ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டான். "பதினாலாம் நம்பர், எனக்குன்னே கொடுத்தது. பசை முழுசாச் சுத்தி ஓடியிருக்கான்னு பார்த்து, உள்ளே இதைக் குத்தினாத்தான் கண்ணாடியையே மூடுவாங்க. ஓவர்டைம் நாள்ல என் வேகத்துக்கு எவனும் குத்த முடியாது. இவன் என்னடான்னா அதைப் போயி இட்லி மாதிரி அவிக்கிறான்."

யேசுராஜ் லைட்டைக் கோணியில் வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தை நெம்பினான். மூன்று பக்கம் பசை மிட்டாய்ப்பாகாக இழுத்தது. நாலாவது பக்கம் தொட்டதுமே கையோடு வந்துவிட்டது.

"சார், இங்க பாரு சார். நாலு வெரக்கடைக்கு பசையே இல்ல."

"சுரண்டி எடுத்துட்டு இல்லைங்கிறியா?"

"சுரண்டுனா தடம் இருக்கும் சார். இது புதுசாட்டம் பளபளன்னு கீது."

"பெரிய இன்ஜினியரு! பேசாம லைட்டைக் கேமராவுக்கு நேராப் பிடி."

யேசுராஜ் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தான். வெயிலில் செல்போன் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, கேமராவுக்குத் தெரிந்தால் போதும். நம்பிராஜன் உள்ளே, வெளியே, மூலை முடுக்கு என்று ஒன்றுவிடாமல் எடுத்தான். 'இவனுங்க லட்சணத்தைப் பாருங்க சார்' என்று எழுதி, அங்கேயே நின்று மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான்.

டீயைக் குடித்து முடிப்பதற்குள் மேனேஜரே கூப்பிட்டார். நம்பிராஜன் தம்ளரை வைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"நீங்களும் கேளுங்க. படிச்சவங்க உங்களைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு தெரியட்டும்."

"வீடியோ பார்த்தேன் நம்பிராஜன்" என்றது போன். "ரொம்பத் தெளிவா இருக்கு."

நம்பிராஜன் புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான்.

"முதல் தடவை பிரிக்கிறேன்னு அந்த டிரைவரே சொல்றார். ஒரு பக்கம் பசையே ஓடலைங்கிறதும் நல்லாத் தெரியுது. அதுக்குப் பக்கத்துலயே பச்சையில பதினாலுன்னு ஒரு சீல் இருக்கே, யாருது அது?"

நம்பிராஜனின் கை சட்டைப் பாக்கெட்டைப் பொத்திக்கொண்டது.

பெரிய மனுஷர் கேட்டு யாரும் பதில் சொல்லாமல் நிற்பது சகாயமேரிக்கு மரியாதையாகப் படவில்லை. செல்போன் பக்கமாகக் குனிந்து, உரக்கச் சொன்னாள்.

"இந்த சாரோடதுதாங்க, பாக்கெட்லயே வச்சிக்கினு கீறாரு!"