கம்ப்யூட்டருக்கு ஒரு குரல்

மலேசியாவின் குருண் ஊரில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் சிவபாக்கியம், நல்ல சேலை உடுத்திக் காத்திருந்தார். கம்ப்யூட்டருக்குத் தமிழ்ப் பேச்சைப் பழக்கும் ஆராய்ச்சிக்காக, யூனிவர்சிட்டியிலிருந்து கென்னத் டேப் ரெக்கார்டருடன் வந்தான்.

“வாங்கோ தம்பி. குரல் கட்டக்கூடாதெண்டு காலையிலிருந்து சுடுதண்ணிதான் குடிக்கிறன். நான் எதை வாசிக்கவேணும்?”

கென்னத் தயங்கினான்.

“பேசறவங்க எஸ்டேட்லேருந்து வேன்ல வந்துக்கிட்டு இருக்காங்க, ஆன்ட்டி. அங்க கோழி, பிள்ளைங்க, ரேடியோன்னு ஒரே சத்தம்லா. சத்தமே இல்லாத வீடு கேட்டேன். எல்லாரும் உங்க வீட்டைத்தான் காட்டினாங்க.”

சிவபாக்கியம் அலமாரியில் தூசி படிந்திருந்த கோப்பைகளை எடுத்துக் கழுவினார்.

“ரெக்கார்டிங் முடியறவரைக்கும் நீங்க மட்டும் பேசாம இருக்கணும், ஆன்ட்டி. சிரமமா இருக்குமா?”

“அது எனக்குப் பழக்கம்தான், தம்பி.”