கை காட்டும் வரிசை

டினோஜா கையை நீட்டுவதற்கு முன் என்னைப் பார்த்தாள்.

அவளுடைய வலது பெருவிரல் சீழ் பிடித்திருந்தது. நண்டு ஓடு கிழித்த காயம். அதை மற்ற விரல்களுக்குள் மடித்து மறைத்திருந்தாள்.

எங்கள் நண்டுக் கொம்பனியில் காலையில் உள்ளே போகுமுன் மருந்துத் தண்ணீரில் கை கழுவி, இரண்டு கையையும் மேற்பார்வையாளர் றொட்னியிடம் காட்ட வேண்டும். காயம் இருந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். காயத்தை மறைத்தது தெரிந்தால் வேலையே போய்விடும். சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

மறைக்காமல் இருந்தால் மாதத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. ஒரே மேசையில் நின்று நண்டுச் சதை எடுக்கும் சோடியில், காயமில்லாதவள் முன்னால் நிற்பாள். தன் கையைக் காட்டிவிட்டு, அடுத்தவளின் முறை வரும்போது றொட்னியிடம் எதையாவது கேட்பாள். ஐஸ் வந்துவிட்டதா, பெருநாளுக்கு எத்தனை நாள் லீவு. அவர் திரும்புவார். காயக்காரி உள்ளே போய்க் கையுறையைப் போட்டுவிடுவாள்.

பதினொரு வருடத்தில் டினோஜா எனக்காக எத்தனை தடவை அவரைத் திருப்பியிருப்பாள் என்று சொல்லத் தெரியாது.

அன்று நான் முன்னால் நின்றேன்.

எல்லாம் இரண்டு நாளைக்கு முன் தொடங்கியது.

திங்கட்கிழமை, மனிதரின் மனதை ஆராய்கிறோம் என்று ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் எங்களைச் சோடி சோடியாகக் கூப்பிட்டார்கள். முதலாளி பக்கத்தில் நின்றதால் யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர்களோடு வந்த ஒரு மிஸ் விரலை வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டோம். பிறகு ஒவ்வொருத்தியையும் தனியாக இருத்திப் படம் காட்டினார்கள், சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டார்கள்.

முடிவில் மிஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உங்கட கூட்டாளி உங்களை விட நல்லாச் செய்திருக்கிறா அக்கா. கனக்க வித்தியாசம்."

எங்களுடைய மார்க்கைக் கொம்பனிக்குக் கொடுக்க மாட்டோம் என்றுதான் சொன்னார்கள். யார் நம்பினது? எங்கள் லைனுக்கு ஒரு தலைவி எடுக்கப் போவதாகக் கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. தலைவிக்குக் கதிரை உண்டு. ஐஸுக்குள் கை விடத் தேவையில்லை. என் விரல்கள் இப்போதே விடிந்து ஒரு மணித்தியாலம் போனால்தான் மடங்குகின்றன. அந்தக் கதிரை கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பேனா தெரியாது.

டினோஜா என்னோடு ஒரே நாளில் கோயிலில் புதுநன்மை எடுத்தவள். பள்ளிக்கூடத்தில் என் கொப்பியைப் பார்த்துக் கணக்கு எழுதியவள். அவளுக்கா என்னைவிட மூளை?

அந்தத் திங்கள் பின்னேரம் வீட்டுக்குப் போகும் பேசாலை பஸ்ஸில் அவள் என்னைத் தோளால் இடித்தாள்.

"இனி நீ கதிரையில இருந்து காலாட்டப் போறாய். எங்களையும் கொஞ்சம் பாத்துக்கொள்ளடி, மகாராணி."

வென்றவளுக்கு நக்கல் வேறு. வீட்டுக்குப் போய் மீன் வெட்டும்போதும் அந்தச் சிரிப்புத்தான் கண்ணுக்குள் நின்றது.

இப்போது வரிசையில் அவளுடைய முறை.

"சேர்" என்று கூப்பிட்டேன். றொட்னி என் பக்கம் திரும்பினார். டினோஜா உள்ளே போகக் காலை எடுத்து வைத்தாள்.

"அவளின்ர பெருவிரலை விரிச்சுப் பாருங்கோ."

றொட்னி விரலைப் பார்த்துவிட்டுச் சுவரிலிருந்த தாளைக் காட்டினார். டினோஜா ஏப்ரனைக் கழற்றி, பழக்கத்தில் என் கையிலேயே தந்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை றொட்னி என்னை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, இனி லூசியாதான் லைன் தலைவி என்றார். ஒருத்தியும் கை தட்டவில்லை.

பத்து மணிபோல மிஸ் திரும்பி வந்தாள். என்னை அதே அறையில் இருத்தி ஒரு தாளை வாசித்தாள். மார்க் பொய்யாம். யாருக்கும் மார்க்கே போடவில்லையாம். நெருங்கிய கூட்டாளி முந்திவிட்டாள் என்று கேட்டால் மனம் என்ன செய்யும் என்று பார்க்கத்தான் அப்படிச் சொன்னார்களாம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கதைதான் சொன்னனாங்கள் அக்கா. அவவுக்கும் நீங்கள்தான் கூடச் செய்தனீங்கள் எண்டு."

"அவளுக்கு எப்ப சொன்னனீங்கள்?"

"உங்களுக்கு முதலே. திங்கள் காலமை."

பஸ்ஸில் அவள் என்னை மகாராணி என்றது அன்று பின்னேரம்.

மிஸ் அடுத்த தாளை என் பக்கம் தள்ளினாள். இந்த ஆய்வால் உங்களுக்கு ஏதாவது பாதிப்பு ஏற்பட்டதா? இரண்டு பெட்டிகள் இருந்தன. நான் இல்லை என்பதற்கு நேரே கோடு போட்டேன்.

அவள் டினோஜாவின் தாளைத் தேடி எடுத்தாள். "அவவையும் ஒருக்காக் கூப்பிடுறீங்களே? விளக்கம் சொல்லிக் கையெழுத்து வாங்கோணும்."

"அவள் இப்ப வேலைக்கு வாறேல்ல."

மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தாள். பேனையைத் திறந்தாள்.

"அப்ப தன்ர விருப்பத்தில விலகினவ எண்டு போடட்டே?"

"ஓம்" என்றேன். "போடுங்கோ."