மூன்றாவது தட்டு

தர்ஷினி வீட்டு அடுப்படியில் ஓர் இயந்திரக் கை இருந்தது. வீட்டார் கண் எந்தப் பாத்திரத்தின் மேல் போகிறதோ, அவர்கள் கை நீட்டும் முன்பே அதை எடுத்து வைத்துவிடும். தோசை வார்க்கும்போது கரண்டியைத் தேட வேண்டியதே இல்லை.

மகள் மித்ரா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும், அவளுடைய யானைப் படம் போட்ட தட்டு அலமாரியில்தான் இருந்தது. தர்ஷினியும் அவள் கணவன் கவினும் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தக் கை அதையும் கொண்டுவந்து மேசையில் வைத்தது.

“ஏங்க, அந்தப் பக்கம் பாக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“நான் எங்க பாத்தேன்? நீதான் பாத்திருப்ப” என்பான் கவின்.

சண்டை போடுவார்களே தவிர, தட்டைத் தூக்கிப் போட இருவருக்குமே மனம் வரவில்லை.

மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அலுவலகக் கதை பேசிச் சிரித்துக்கொண்டே இட்லி சாப்பிட்டார்கள். முக்கால்வாசி முடிந்த பிறகுதான் தர்ஷினிக்கு உறைத்தது. மேசையில் இரண்டு தட்டுகள்தான் இருந்தன.

“கை ரிப்பேரா இருக்கும்” என்றான் கவின் அவசரமாக.

அவள் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அது உடனே வந்து நின்றது.

இருவர் கண்களும் மெல்ல அலமாரிக்குப் போயின. கை யானைத் தட்டை எடுத்து வந்து நடுவில் வைத்தது.

பாத்திரத்தில் இட்லி தீர்ந்திருந்தது.