சீனியரின் ஸ்பிரிங்

"நீராவிக் குழாய் சூடானா நீளும்டா. வெறும் கம்பியில கட்டித் தொங்கவிட்டா பிச்சுக்கிட்டு வந்துடும். குழாயோட சேர்ந்து அசைஞ்சு கொடுக்கிற ஸ்பிரிங் ஹேங்கர்தான் போடணும்!" என்றார் சீனியர் இன்ஜினியர்.

அதே ஆபீசில் வேலை பார்க்கும் அவர் மச்சினன் தன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினான். "கம்பிய வச்சே மாடல் பண்ணிட்டேன் மாமா. ஸ்ட்ரெஸ் அளவுக்குள்ளதான் இருக்கு."

"சாஃப்ட்வேர் ஆயிரம் சொல்லும். அனுபவம்னு ஒண்ணு வேணாமா?"

மேனேஜர் அனுபவத்தின் பக்கம் சாய்ந்தார். "ஸ்பிரிங்கே போடுங்க. ஒரு வருஷம் ஒழுங்கா ஓடினா நீங்கதான் டீம் லீடர்."

அந்த வருடம் முழுக்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் ஸ்பிரிங் புராணம்தான். மச்சினன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான்.

வருடம் முடிந்ததும் மூவரும் பிளான்ட்டுக்குப் போனார்கள். ஃபோர்மேன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "ஒரு சொட்டு லீக் இல்ல சார்!"

"வாழ்த்துகள், டீம் லீடர்!" என்று மேனேஜர் கை கொடுத்தார். மச்சினன் வேறு வழியில்லாமல் கைதட்டினான்.

புதிய டீம் லீடர் தன் ஸ்பிரிங்கைப் பெருமிதத்தோடு அண்ணாந்து பார்த்தார். கொண்டுவரும் வழியில் ஸ்பிரிங் அசையாமலிருக்கக் குறுக்கே செருகி அனுப்பும் லாக் பின், குழாயில் நீராவி விடும் முன் கழற்ற வேண்டிய அந்த லாக் பின், செருகியபடியே இருந்தது. ஒரு வருடமாக ஸ்பிரிங் ஒரு நூல்கூட அசையாமல், வெறும் கம்பியாகவே உத்தியோகம் பார்த்திருக்கிறது.

"அதென்ன சார், குறுக்கால?" என்றார் ஃபோர்மேன்.

சீனியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அதுல மட்டும் யாரும் கை வச்சுடாதீங்க. மொத்த டிசைனும் அதுலதான் நிக்குது."