பீட் இல்லாமல்

"என் குரல எடுத்துடு! அப்புறம் உன் பாட்ட எங்க வேணா போட்டுக்கோ!"

அமுலு கத்தியது மைக்கிலும் விழுந்தது. மைக்செட்காரர் அணைக்க மறந்திருந்தார். மறந்தது போல் இருந்தார் என்றும் சொல்லலாம்.

டில்லிபாபுவின் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. பந்தலில் பாதித் தெரு. மீதிப் பாதி மாடிகளில், கொடியிலிருந்து எடுத்த துணியையே மறுபடி எடுத்துக்கொண்டிருந்தது.

போன மாதம் டில்லி போட்ட ராப் பாட்டுக்கு ஹம்மிங் கொடுத்தவள் அமுலுதான். காதல் பாட்டு என்று சொல்லி, வெறும் பீட்டை மட்டும் காதில் மாட்டிவிட்டான். வார்த்தைகளைப் பிறகு சேர்த்திருக்கிறான்.

வேண்டாம் என்றவளை முடியைப் பிடித்து இழுத்துப் போகிற வார்த்தைகள்.

பாட்டுக்குள் அந்தப் பெண் கதறுகிற இடத்தில்தான் இவளுடைய ஹம்மிங். தேனாக.

"ராப்னா அப்டித்தான் அமுலு. ஒரு கெத்துக்கு எழுதுறது. வார்த்தைய எவன் கேக்குறான்?"

அதுவும் நிஜம்தான். சற்றுமுன் பந்தலே அந்தப் பாட்டுக்கு ஆடியது. டில்லியின் அம்மா கஸ்தூரியும் ஆடினாள், இடுப்பில் சீர்த்தட்டோடு.

"அப்ப பீட் இல்லாம சொல்லு. உங்கம்மா முன்னால சொல்லு."

டில்லி சிரித்தான். மைக்கை வாங்கினான்.

"ஏய்..."

விரல்கள் தொடையில் தாளம் தேடின.

அம்மாவைப் பார்த்தான்.

இருமினான்.

அமுலு மைக்கைப் பிடுங்கினாள். முதல் வரியிலிருந்து சொன்னாள், ரேஷன் கடையில் இன்றைக்கு என்ன போடுகிறார்கள் என்று சொல்கிற குரலில். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்காடா நான் ஆடுனேன்?"

கஸ்தூரி கேட்டது மைக் இல்லாமலேயே மாடிவரை போயிற்று.

பொழுது சாயுமுன் பாட்டிலிருந்து அமுலுவின் குரல் போய்விட்டது.

இத்தனை வாய்க்கு எவன் வந்து கட்டுவான் என்று தெரு ஆசையாகக் கவலைப்பட்டது. தை பிறந்ததும் ஆவடிக்காரன் ஒருவன் வந்து கட்டிக்கொண்டு போனான். கவலைப்பட வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

அப்புறம் டில்லிக்குச் சம்பந்தம் பேசி, பெண் வீட்டார் விசாரிக்க வந்தார்கள். பதில் சொல்லத் தெருவே வாசலில் நின்றது. ஒருவரையும் கேட்காமல் நேரே வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

கஸ்தூரி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். பெண்ணின் அம்மாவை மட்டும் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள்.

என்ன சொன்னாளோ, கீழே கேட்கவில்லை.

வைகாசியில் அந்தப் பெண் திருவொற்றியூர்க்காரன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

டில்லி இதே தெருவில்தான் இருக்கிறான்.